தத்தாவின் கட்டைவிரல்

வீடியோ கேமில் வண்டிகளை ஓட வைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர், அதே வேலையைப் புனேயில் செய்து ஓய்வு பெற்றவன் நான் என்று கேள்விப்பட்டு, அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். வேலையை எப்படிச் செய்வது என்று எழுதப் போவதில்லை. நான் பயன்படுத்திய கருவிகள் இப்போது யாரிடமும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அன்று ஒரு பதிவேட்டில் 'ஆம்' என்று ஒரே ஒரு சொல் எழுதினேன். அந்தச் சொல்லால் ஒருத்தியின் வேலை போயிற்று.

நாட்களைக் குறித்து வைப்பது என் பழக்கம். இருந்தும் வருடத்தை இங்கே சொல்லவில்லை. சொன்னால் எந்த நிறுவனம், எந்த கேம் என்று ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தப் பெண்ணின் பெயரையும் மாற்றி ஜமீலா என்று வைத்திருக்கிறேன். அதற்குக் காரணம் வேறு. கடைசியில் தெரியும்.

முதலில் என் பழைய வேலையிலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். அது தெரிந்தால்தான் நான் அறியாமல் தவறு செய்தவன் அல்ல என்பது உங்களுக்குப் புரியும்.

நான் புனேயின் கட்கியில் பிறந்தவன். அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலைத் தொழிலாளி. எங்கள் பூர்வீகம் வேலூர்ப் பக்கம். கேமுக்கு வருவதற்கு முன் பல ஆண்டுகள் சிஞ்ச்வட்டில் ஒரு லாரித் தொழிற்சாலையில் சோதனை ஓட்டப் பிரிவில் இருந்தேன். புதிய லாரியை ஓட்டிப் பார்த்து, எது கனமாக இருக்கிறது, எது இழுக்கிறது என்று தினமும் அறிக்கை எழுத வேண்டும். ஒரு மாடலில் கிளட்ச் கல் போல இருந்தது. முதல் நாளே எழுதினேன். ஐந்து வாரம் அதே லாரியை ஓட்டினேன். ஆறாவது வாரம், 'கிளட்ச் இப்போது சரியாகிவிட்டது' என்று எழுதிக் கொடுத்தேன்.

எங்கள் மேற்பார்வையாளர் அதைப் படித்துவிட்டு, கிளட்ச்சை யாராவது மாற்றினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கேன்டீனுக்குக் காய்கறி கொண்டுவரும் டெம்போக்காரரைக் கூப்பிட்டு அந்த லாரியில் ஏற்றினார். மனிதர் பத்து நிமிடத்தில் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இறங்கினார்.

"வண்டி சரியாகல. உன் கால் பழகிடுச்சு," என்றார் மேற்பார்வையாளர், மராத்தியில். அறிக்கையை என் முன்னாலேயே நான்காகக் கிழித்தார். அதற்குப் பிறகு ஒரே லாரியை ஒரு வாரத்துக்கு மேல் ஓட்ட அவர் என்னை விட்டதில்லை. அவர் ஓய்வு பெறும்வரை அந்த வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. ஒரு முறை சொன்னது போதும் என்று நினைத்திருப்பார்.

இது நடந்து பல வருடம் கழித்து, பானேர் பக்கம் ஒரு கட்டடத்தின் நான்காம் மாடியில் இருந்த கேம் நிறுவனத்தில் சேர்ந்தேன். உண்மையான வண்டிகளைத் தெரிந்த ஒருவர் அவர்களுக்குத் தேவைப்பட்டார். அது திறந்த உலக கேம். அதாவது ஆட்டக்காரர் ஒரு பெரிய ஊருக்குள் இஷ்டம்போல நடக்கலாம், எந்த வண்டியிலும் ஏறி எங்கும் போகலாம். ஸ்கூட்டர், ரிக்‌ஷா, பஸ் எல்லாம் உண்டு. கதையின் பாதியில் ஒரு முக்கியமான கட்டம் வரும். சரக்கு ஏற்றிய லாரியை மலைச்சரிவில், இங்கே எல்லோரும் காட் என்று சொல்லும் பாதையில், கீழே இறக்க வேண்டும். அதைத் தாண்டினால்தான் மீதிக் கதை.

அந்த லாரியைச் செய்வதில்தான் எனக்கும் ஜமீலாவுக்கும் சண்டை.

நான் செய்த லாரி நிஜ லாரி. இறக்கத்தில் கியரைக் குறைத்து என்ஜினால் வேகத்தைப் பிடிக்க வேண்டும். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் சூடேறி, நாலாவது வளைவில் பிடிக்காமல் போகும். சரக்கின் கனம் வளைவில் வெளியே தள்ளும். இதற்காகப் பதினொரு மாதம் உழைத்தேன்.

ஜமீலா செய்தது எளிய லாரி. ஒரு பட்டன் போக, ஒரு பட்டன் நிற்க. ஆட்டக்காரர் பிரேக்கை லேசாகத் தொட்டாலே, வளைவுக்கு ஏற்றபடி லாரி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சாலை விளிம்புக்குப் போனால், அவருக்குத் தெரியாமல் ஒரு விரற்கடை உள்ளே திரும்பும். ஆனால் சத்தத்துக்கு மட்டும் இரண்டு மாதம் செலவழித்தாள். ஏர் பிரேக்கின் பெருமூச்சு, சரக்கு பலகையில் முட்டும் ஓசை, வளைவில் கேபின் முனகுவது. திரையில் காட்சியும் லாரிக்கு அரை நொடி பின்னால் சாய்ந்து நிமிரும்.

ஜமீலாவின் குடும்பம் மேலப்பாளையத்திலிருந்து வந்தது. கட்கி பஜாரில் அப்பா காலத்திலிருந்து பை, பெட்டி விற்கும் கடை. அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக நிரந்தர வேலையில் இருந்தவள். அதை விட்டுவிட்டு இதற்கு வந்தாள். 'வெளையாட்டுக்கு ஒரு சம்பளமா' என்று அவள் மாமியார் கேட்டது அலுவலகம் முழுக்கத் தெரியும். அவளே நடித்துக் காட்டுவாள். என்னை அண்ணாச்சி என்பாள். எங்கள் வேலூர்ப் பக்கம் அந்தச் சொல் கிடையாது. ஆனாலும் அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு அது பிடித்துப் போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒங்க லாரிய ஓட்டணும்னா ஆர்டிஓ ஆபீஸுக்குப் போய் லைசென்ஸ் வாங்கிட்டு வரணும் போலயே," என்றாள் ஒரு நாள், மூன்றாவது முறையாகப் பள்ளத்தில் விழுந்த பிறகு.

"லாரின்னா அப்படித்தாம்மா இருக்கும்."

"லாரி அப்படி இருந்துட்டுப் போவுது. ஓட்டுதவன் யாரு? ஆபீஸ் முடிஞ்சி வந்து சோபால கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். ஒரு கண்ணு மேப்புல இருக்கு, ஒரு காது கதையில இருக்கு. அவன்ட்ட இருக்கது ரெண்டே ரெண்டு கட்டவிரலு. ஒங்களுக்கு அங்க காலு, கையி, முதுகு, சீட்டு எல்லாம் இருந்துச்சில்லா?"

"அப்ப கனம் எப்படித் தெரியும்? சைக்கிள் மாதிரி இறங்கிப் போகும்."

"கனத்த காதுல வைங்க. கண்ணுல வைங்க. கையில வைக்காதீங்க, அண்ணாச்சி."

இதைவிடச் சரியான வாக்கியத்தை இந்தத் தொழிலில் நான் கேட்டதில்லை. அன்று அது எனக்குக் கேட்கவே இல்லை. 'நீ வாழ்க்கையில் ஒரு நாளாவது லாரி கேபினில் உட்கார்ந்திருக்கிறாயா' என்பதுதான் என் மனதில் இருந்த ஒரே பதில். அதை வெளியே சொல்லாமல், வேறு வேறு தொழில்நுட்பக் காரணங்களாக மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நிறுவனத்தை நடத்தியவரை டைரக்டர் என்றே குறிப்பிடுகிறேன். எங்கள் இரண்டு லாரிகளில் எது என்பதை ஜூலை இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை முடிவு செய்வதாக அறிவித்தார். ஜமீலா ஒப்பந்தத்தில் இருந்தாள். அவள் லாரி தேர்வானால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் ஆகஸ்ட் முடிவோடு ஒப்பந்தம் முடியும். என் லாரி தோற்றாலும் எனக்கு எதுவும் ஆகாது. வேறு வண்டி கொடுப்பார்கள். இந்த வித்தியாசம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஏன் என்றால், எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கேமைத் தொட்டே பார்க்காத ஒருவரை வெளியிலிருந்து அழைத்து வருவோம். விருந்தாளி என்போம். அவரைத் திரை முன் உட்கார வைத்துக் கையில் ஆட்டத்துக்கான பட்டன்கள் உள்ள கன்ட்ரோலரைக் கொடுத்துவிட்டு, தரையில் ஒட்டிய மஞ்சள் பட்டைக்குப் பின்னால் எல்லோரும் நின்றுகொள்வோம். யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை மட்டும் பார்க்க வேண்டும். விருந்தாளியைக் கூட்டி வரும் முறை ஒவ்வொருவருக்கும் சுழற்சியாக வரும்.

இதற்கு ஒரு பதிவேடு. விருந்தாளி பெயர், கூட்டி வந்தவர், எந்த வடிவம், அதைச் செய்தவர், எத்தனை முறை விழுந்தார் என்று கட்டங்கள். அதில் ஒரு கட்டம், 'கேமுக்குப் புதியவரா?' அதை நிரப்பிக் கையெழுத்திட்ட பிறகுதான் ஆட்டம் தொடங்கும். எழுதியதை அடித்துத் திருத்தினால் பக்கத்தில் தேதியிட்டு, இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாத திருத்தம் செல்லாது. இந்த விதிகளை எழுதியவன் நான். என் கையெழுத்து அழகாக இருக்கும், தேதி தவறமாட்டேன் என்பதற்காகப் பதிவேட்டை என்னிடமே கொடுத்திருந்தார்கள். வண்டி செய்பவனிடம் அதைக் கொடுக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமைக்கு விருந்தாளியைக் கூட்டி வரும் முறை என்னுடையது.

நான் தத்தாவை நினைத்தேன். பழைய தொழிற்சாலையில் என்னோடு சோதனை லாரி ஓட்டியவர். இப்போது கசார்வாடியில் பிரேக் வேலை பார்க்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். கன்ட்ரோலரை வாழ்நாளில் தொட்டதில்லை. முப்பது வருடம் காட் பாதைகளில் ஏறி இறங்கியவர். நிஜ லாரியை நிஜ டிரைவர் ஓட்டிக் காட்டினால் அதற்கு மேல் என்ன பேச்சு? இதுதான் என் கணக்கு.

ஆனால் மனதுக்குள் ஏதோ உறுத்தியது. திங்கள்கிழமை மாலை அவரைக் கட்கியில் என் வீட்டுக்கு அழைத்தேன். என் கம்ப்யூட்டரில் கேமின் பழைய பதிப்பும், அதோடு ஒரு கன்ட்ரோலரும் இருந்தன. என் லாரி அதில் உண்டு, காட் பாதை கிடையாது. சமதளச் சாலையும் சில வளைவுகளும்தான்.

தத்தா முதல் வளைவிலேயே சுவரில் மோதினார். இரண்டாவது முறை டீக்கடைக்குள் புகுந்தார். மேஜைக்கு அடியில் பார்த்தேன். அவருடைய வலது கால் தரையை அழுத்தி அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. இடது கால் இல்லாத கிளட்ச்சைத் தேடிக்கொண்டிருந்தது.

"சாஹேப், இதுல என் கால் எங்க?" என்று கேட்டார். நாங்கள் பேசுவது மராத்தியில், தமிழில் எழுதுகிறேன்.

"கால் இல்ல தத்தா. எல்லாம் விரல்லதான்."

"அப்ப இது லாரி இல்ல. லாரி வேஷம் போட்ட வேற ஏதோ. நல்லாக் குடிச்சிருக்கு போல, நான் சொல்றது எதுவும் அதுக்குக் கேக்கல."

ஜமீலா சொன்னதையே முப்பது வருட டிரைவர் வேறு வார்த்தைகளில் சொன்னார். கேன்டீன் டெம்போக்காரர் முழங்காலைத் தேய்த்த மாதிரியேதான். அந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும். மறுநாள் அலுவலகம் போய், 'உன்னுடையதுதான் சரி' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் தத்தாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இங்க பாருங்க, இந்தப் பட்டன் கியர் குறைக்க. கட்டைவிரல எப்பவும் இதுமேலயே வச்சுக்கோங்க," என்றேன்.

செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேறினார். புதன்கிழமை மோதாமல் ஓட்டினார். கிளம்பும்போது, "வெள்ளிக்கிழமை மானத்தக் காப்பாத்திடலாம், சாஹேப்," என்றார். யாருடைய மானம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மழை. தத்தா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். அலுவலகத்தின் கண்ணாடிச் சுவர்களைப் பார்த்துச் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தோம். நான் பதிவேட்டைத் திறந்தேன். ஜமீலா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இவிய முன்ன நம்ம கேமத் தொட்டதில்லையே?"

காட் பாதையை அவர் பார்த்ததில்லை, அது அவருக்குப் புதிதுதானே என்று மூன்று நாளாக எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். 'ஆம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

"பாரு, எழுதியிருக்கேன்," என்றேன்.

"நீங்க எழுதுனா சரிதான்," என்றாள். போய் மஞ்சள் பட்டைக்குப் பின்னால் நின்றாள்.

முதலில் என் லாரி. திரை கறுப்பாக இருந்தது, படம் இன்னும் வரவில்லை. தத்தாவின் கட்டைவிரல் நேராகப் போய் கியர் பட்டனில் உட்கார்ந்தது. நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தத்தா நன்றாகவே ஓட்டினார். ஒரு முறை பாறையில் உரசியதைத் தவிர, கியரைக் குறைத்துக் குறைத்து, வியர்வையோடு லாரியைக் கீழே இறக்கினார். அடிவாரத்துச் செக்போஸ்ட்டில் நின்றதும் வாய் திறக்கக் கூடாது என்ற விதியை மறந்து எல்லோரும் கைதட்டினார்கள்.

அடுத்து ஜமீலாவின் லாரி. இரண்டு வளைவு வரை தத்தா முதுகு விறைத்து உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வளைவில் தோள் இறங்கியது. இறக்கம் என்பதால் ஆக்சிலேட்டர் தேவைப்படவில்லை. திருப்புவதும் பிரேக்கும் இடது கையிலேயே இருந்தன. வலது கை சும்மா இருந்ததால், மேஜை மேல் இருந்த டீயை எடுத்தார். ஒரு கையால் லாரி ஓட்டிக்கொண்டே டீ குடித்தார். வேடிக்கை பார்த்துக்கொண்டே, ஒரு உரசல் கூட இல்லாமல் கீழே வந்து சேர்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த டீதான் அவளுடைய வெற்றி என்பது அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சிரிக்கவில்லை.

"எது நல்லா இருக்கு?" என்று டைரக்டர் கேட்டார்.

தத்தா என்னைப் பார்த்தார். "ரெண்டாவது பொம்மை. முதல்ல ஓட்டினதுதான் லாரி," என்றார்.

இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. பல நாள் யோசித்திருக்கிறேன். எனக்காகச் சொன்னார் என்பது ஒரு பாதி. மறுபாதி, மூன்று நாள் பாடுபட்டுக் கற்றதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனம் வராது. அந்தச் சிரமமே அவருக்கு லாரியாகிவிட்டது. எனக்குப் பதினொரு மாதச் சிரமம்.

என் லாரி தேர்வானது. ஆகஸ்ட் கடைசி வேலைநாளில் ஜமீலா தன் மேஜையைக் காலி செய்தாள். தன் லாரியின் கோப்புகளை ஒழுங்காகப் பெயரிட்டு, எது எதற்கு என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதி சர்வரில் வைத்துவிட்டுப் போனாள். லிஃப்ட் அருகே, "வாறேன் அண்ணாச்சி," என்றாள். அவ்வளவுதான்.

மறு வருடம் கேம் வெளிவந்தது. இரண்டு வாரத்தில் விஷயம் தெரிந்துவிட்டது. ஊரை ரசித்தவர்கள், கதையைப் புகழ்ந்தவர்கள் எல்லோரும் காட் வந்ததும் பள்ளத்தில் விழுந்தார்கள். மறுபடி விழுந்தார்கள். பிறகு கேமை மூடிவிட்டுப் போனார்கள். திட்டி எழுதியவர்களுக்குக்கூடப் பதில் சொல்லலாம். பெரும்பாலோர் எதுவும் எழுதாமல் போய்விட்டார்கள்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் டைரக்டர் என்னைக் கேட்டார். "சர், உங்க லாரிய எளிமையாக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம்."

"நமக்கு இருக்கிறது ஒரு வாரம். அந்தப் பழைய எளிய லாரி இருக்கா?"

"இருக்கு."

ஜமீலாவின் லாரியை மாற்றி வைக்கும் வேலை இரண்டே பிற்பகலில் முடிந்தது. அவ்வளவு தெளிவாகக் குறிப்பெழுதி வைத்திருந்தாள். புதிய பதிப்பு வெளியானது, ஆட்டக்காரர்கள் காட் பாதையைத் தாண்டினார்கள். லாரியின் கனம் அப்படியே தெரிகிறது என்று பலர் எழுதினார்கள். கையில் கனமே இல்லாத லாரியைப் பற்றி எழுதினார்கள்.

அந்தப் புதிய பதிப்பை வெளியிடும் நாளன்று டைரக்டர் வாசலில் நின்று கேட்டார். "முடிவில் ஓடும் பெயர்ப் பட்டியல்ல, லாரிக்கு உங்க பேர்தான் இருக்கு. அப்படியே இருக்கட்டுமா? மாத்தணும்னா மறுபடி எல்லாம் சரிபார்க்கணும்."

அவர் அவசரத்தில் இருந்தார். நான் அவசரத்தில் இல்லை. யோசிக்க நேரம் இருந்தது.

"இருக்கட்டும்," என்றேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று பித்தளையில் ஒரு சின்ன லாரி செய்து பரிசளித்தார்கள். 'கனத்தை உணர வைத்தவர்' என்று டைரக்டர் பேசினார். பதிவேடு அதற்கு முன்பே கம்ப்யூட்டருக்கு மாறியிருந்தது. பழைய நோட்டை வைத்துக்கொள்ள இடமில்லை என்று என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

சென்ற ஜனவரியில், சிஞ்ச்வட் ரயில் நிலையத்தில் கட்கி போக லோக்கலுக்காக நின்றுகொண்டிருந்தேன். ஜமீலாதான் முதலில் பார்த்தாள்.

"அண்ணாச்சி! என்ன, ஆளு பாதியாயிட்டிய?"

"ரிட்டயர் ஆனா அப்படித்தான். நீ எங்கம்மா இங்க?"

"பள்ளிக்கூடத்துலருந்து வாறேன். பழையபடி கணக்கு டீச்சருதான். பெர்மனென்ட் இல்ல, வருசா வருசம் பாத்துச் சேத்துக்கிடுவாவ." பையைத் தோள் மாற்றிக்கொண்டாள். "எங்க மாமி லாரி ஓட்டுதாவ, தெரியுமா?"

"என்னது? உன் மாமியாரா?"

"நம்ம லாரிதான். நாத்தனா மவ வந்து நம்ம கேம டிவில மாட்டிக் குடுத்துட்டுப் போனா. மாமி சும்மாதான் கையில வாங்குனாவ. இப்ப சாயந்தரம் அஸர் தொழுதுட்டு கண்ணாடிய மாட்டிக்கிட்டு உக்காந்தா, பொழுதடைஞ்சி மஃரிப் பாங்கு சொல்லுத வரைக்கும் காட்ல எறங்கிக்கிட்டே இருக்காவ. அந்தக் கட்டம் முடிஞ்சாலும் மறுபடி மேல ஏறி எறங்குதாவ. ஒரு தடவ பள்ளத்துல விழல."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"'நல்லாத்தான் செஞ்சிருக்கான், எவன் செஞ்சானோ'ன்னாவ. நாந்தான் மாமின்னேன். கடைசில பேரு ஓடும்லா, அது வரைக்கும் உக்காந்து பாத்தாவ. பாத்துட்டு, 'ஒம் பேரு எங்க'ன்னு கேட்டாவ. அவியட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"ஜமீலா, அன்னிக்கு அந்த தத்தா..."

"தெரியும் அண்ணாச்சி. படம் வாரதுக்கு முன்னயே கட்டவிரலு போய் கியர் பட்டன்ல உக்காந்துட்டு. புதுசா வாறவன் மொதல்ல குனிஞ்சி கையத்தான பாப்பான்? அவிய பாக்கவே இல்ல."

"அப்ப ஏன் யார்ட்டயும் சொல்லல?"

"யாரு சொல்லலன்னா?" என்றாள். குரல் உயரவில்லை. "திங்கக்கெழமையே டைரக்டர்ட்ட போய்ச் சொன்னேன். ரெஜிஸ்டர எடுத்து மேசைல வச்சாரு. 'சர் எழுதியிருக்கார், பாரு. அவர் ஒரு தேதிகூடத் தப்பா எழுதினதில்ல. தோத்துப்போனா இப்படியா பேசுறது?'ன்னாரு. அதுக்குப் பொறவு எனக்கு ஒரு நல்ல வார்த்த எழுதிக் குடுக்க அங்க ஆளில்ல. மூணு கம்பெனில கேட்டேன். மூணு பேரும் அவருக்குத்தான் போன் போட்டாங்க."

இது எனக்குத் தெரியாது. என் ஒரு சொல் அவளுடைய லாரியைத் தோற்கடித்தது என்று மட்டும் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவளைப் பொய்க்காரியாக்கியதும் அதுதான். ஒரு தேதிகூடத் தப்பாக எழுதாதவன் என்ற பெயரை நான் இருபது வருடமாகச் சேர்த்தது இதற்குத்தான் பயன்பட்டது.

லோக்கல் வருவதாக அறிவித்தார்கள். அவள் எதிர்த் திசையில் போக வேண்டியவள். நான் அவசரமாகச் சொன்னேன். "இளைஞர்கள் சிலர் அனுபவத்த எழுதச் சொல்லியிருக்காங்க. எல்லாத்தையும் எழுதிடறேன்மா. உன் பேரோட."

"எழுதுங்க. நீங்க எழுதுனா எல்லாரும் நம்புவாங்க, அது எனக்கு நல்லாவே தெரியும். எம்பேரு மட்டும் வேண்டாம்."

"ஏன்? இப்பவாவது..."

"ஒங்க ரெஜிஸ்டர்ல ஒரு தடவ வந்தது போதும், அண்ணாச்சி."

அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவள் பெயர் இல்லை. கேமில் அவள் வேலைக்கு என் பெயர் இருக்கிறது. இங்கே அவள் கதைக்கு ஏதோ ஒரு பெயர் இருக்கிறது. இந்த முறை அது அவள் விருப்பம் என்பது மட்டுமே வித்தியாசம்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியது அதிகமில்லை. நிஜமான கட்டுப்பாடா, எளிய கட்டுப்பாடா என்று நீங்களும் சண்டை போடுவீர்கள். போடுங்கள். எந்தப் பக்கமும் சில கேம்களில் சரியாக இருக்கும். ஆனால் பல மாதம் ஒரு வண்டியோடு இருந்த உங்கள் கை அதற்குச் சாட்சி சொல்லக் கூடாது. விருந்தாளியை நீங்கள் கூட்டி வராதீர்கள், பதிவேட்டை நீங்கள் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் நேர்மையை நான் சந்தேகப்படவில்லை. என் நேர்மையையும் அப்போது யாரும் சந்தேகப்படவில்லை.

நான் பழைய நாட்குறிப்புகளை விரும்பிப் படிப்பவன். எவருடையதானாலும், எழுதாமல் விட்ட நாட்கள்தான் என்னை நிறுத்தும். அன்று என்ன நடந்திருக்கும் என்று யோசிப்பேன். ஜமீலாவைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் சொந்த நாட்குறிப்பை எடுத்தேன். அந்த ஜூலை வாரத்தில் ஒரு நாளும் விடுபடவில்லை. திங்கள்: 'காலையிலிருந்து மழை.' செவ்வாய்: 'லோக்கல் பன்னிரண்டு நிமிடம் தாமதம்.' புதன்: 'மழை விட்டது. குடையை அலுவலகத்தில் மறந்தேன்.' மூன்று நாளும் எழுதியிருக்கிறேன், தத்தா மட்டும் இல்லை.

பிறகு பதிவேட்டை எடுத்தேன். வெள்ளிக்கிழமைப் பக்கம். 'கேமுக்குப் புதியவரா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். பக்கத்தில் 'இல்லை' என்று எழுதி, திருத்திய நாளின் தேதியிட்டு, கையெழுத்துப் போட்டேன். சாட்சிக் கையெழுத்துக்கான இடம் காலியாக இருக்கிறது. தத்தா இறந்து இரண்டு வருடமாகிறது. கேட்க வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

நான் எழுதிய விதிப்படி பார்த்தால், அந்தக் கட்டத்தில் இன்னும் 'ஆம்' தான்.